கேப்டன் கடலில் விழுந்தது வரை

என் அக்கா பத்தொன்பது வருடம் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களுக்கு எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை கொடுப்பது, முறை வந்ததும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது, அடுத்து வரவேண்டிய தேதியை நோட்டில் குறிப்பது, இவ்வளவுதான் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் டோக்கனக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடைத்தெருவில் யாராவது அவளைப் பார்த்துவிட்டால் முதலில் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். பிறகுதான் சிரிப்பு வரும்.

போன மாதம் அவள் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் பொறுமைசாலி, இருக்குமிடம் தெரியாதவள், யார் வம்புக்கும் போகாதவள் என்றார்கள். யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று புரியாமலே நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் செய்த பெரிய காரியத்தை யாரும் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையில் யாருக்கு எந்த நாளில் பல் பார்ப்பது என்பதை அவள் படத்தை வைத்து முடிவு செய்தாள்.

காத்திருக்கும் அறையில் பன்னிரண்டு நாற்காலிகள், செருப்பு வைக்க ஒரு மர அடுக்கு, சுவரில் உயரத்தில் ஒரு டிவி. பல்லைக் குடையும் இயந்திரத்தின் சத்தம் வெளியே கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள் என்பதால் பெரிய டாக்டர்தான் டிவியை மாட்டச் சொன்னார். அவர் படமே பார்க்காதவர். எதுவோ ஓடினால் சரி, சத்தமாக ஓடினால் இன்னும் நல்லது என்பது அவர் கட்சி.

அக்கா அப்படியில்லை. ஒரு படம் பார்த்துவிட்டால் வீடு திரும்புவதற்குள் அதைப் பற்றி இரண்டு பேரிடமாவது பேசியாக வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்குகிறவரை எழுப்பிப் பேசியிருக்கிறாள்.

முன்மேசையிலிருந்து அவள் ஒன்றைக் கவனித்தாள். எண்ணைக் கூப்பிட்டதும் எழுகிற ஆள் கதவு வரை போய்த் திரும்பித் திரையைப் பார்ப்பார். அரை மணி கழித்து அவர் வெளியே வரும்போது படம் எங்கேயோ போயிருக்கும். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டே, மரத்துப்போன உதடு ஒரு பக்கம் தொங்க, "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்பார். பாதி வார்த்தை வாயிலிருக்கும் பஞ்சுக்குள் போய்விடும். ஆனாலும் எல்லோருக்கும் புரியும். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். அந்தப் பெண் ஓடிப்போனாள் என்பார் ஒருவர், துரத்திவிட்டார்கள் என்பார் இன்னொருவர். கேட்டவர் வலியை மறந்து அங்கேயே நின்று தீர்ப்பு சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஒரு நாள் அக்கா நோட்டில் ஒருவருடைய தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதினாள். அவர் எந்தக் காட்சி வரை பார்த்திருக்கிறார் என்ற குறிப்பு. எல்லாம் அங்கே ஆரம்பித்தது.

ரூட் கெனால் என்றால் வாரம் ஒன்றாக நான்கு தடவை வர வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தை வாரம் நாற்பது நிமிடம் போட்டால் நான்காவது வாரம் பல்லும் முடியும், படமும் முடியும். ஆகவே ரூட் கெனால்காரர்களுக்கு முழுப் படம். பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் மாதம் ஒரு முறையாக இரண்டு வருடம் வருவார்கள். அவர்களுக்குத் தொடர், மாதம் ஒரு பகுதி. பல்லைப் பிடுங்க வந்தவர்களுக்கு ஒரே ஒரு நகைச்சுவைக் காட்சி.

"அவங்க திரும்பி வர மாட்டாங்கடா. அவங்களுக்குப் போய்க் கதைய ஆரம்பிச்சு வெக்கிறது பாவம்" என்பாள்.

ஒரே படம் பார்க்கிறவர்களை ஒரே கிழமையில் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னாள். அவர்களில் ஒருவருக்கு மேல்வரிசையும் இன்னொருவருக்குக் கீழ்வரிசையுமாக இருக்கும். அதெல்லாம் டாக்டர் பாடு. நோட்டைத் திறந்தால் இப்படி இருக்கும்: 'இடது மேல் கடைவாய். மாமனார் வீட்டை விட்டுப் போனது வரை.' 'முன்பல் இரண்டு, கம்பி. அவர்தான் அப்பா என்று இன்னும் தெரியாது.' 'வலது கீழ்க் கடைவாய், வீக்கம். கேப்டன் கடலில் விழுந்தது வரை.'

கடைசியாகச் சொன்ன குறிப்பை ஒரு நாள் பெரிய டாக்டர் எடுத்துப் படித்துவிட்டார். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஒரு வங்கி குமாஸ்தா.

"வீக்கம் அதுலேருந்துதானா?" என்று டாக்டர் கேட்டார்.

"எதுலேருந்து டாக்டர்?"

"கடல்ல விழுந்ததுலேருந்து."

குமாஸ்தா, "விழுந்தது கேப்டன்தான்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர். எனக்கு என்னமோ சமையல்காரன்னு தோணுது" என்றாராம். டாக்டர் அன்று அவருக்கு மயக்க மருந்தைக் குறைத்துப் போட்டார் என்று அக்கா சொல்வாள்.

அக்கா செய்த தவறு வேறு. ஒரு படம் முடிகிற அன்று பத்து நிமிடம் மீந்துபோனால் அடுத்த படத்தின் ஆரம்பத்தைப் போட்டுவிடுவாள். சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாமே என்றுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தவர்கள் பல் சரியாகிப் போன பிறகும் அடுத்த வாரம் வந்தார்கள். டாக்டரைப் பார்க்கக் கேட்கவில்லை. வில்லை கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அக்காவும் நோட்டில், 'பல் சரி. படம் பாக்கி' என்று எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு அப்படி ஒரு கூட்டமே சேர்ந்துபோனது. அதில் நிலைத்தவர்கள் மூன்று பேர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் காட்சியானாலும், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று பாத்திரங்களை விரட்டுவார். டெய்லரம்மா, கதாநாயகி அழுதால் ரவிக்கையின் கைத்தையலைப் பார்ப்பார். ஹெட்மாஸ்டர், படம் முடிந்ததும் அதற்கு மார்க் போடுவார், நாற்பதுக்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை. நான் அந்த வருடம் ஒரு கடைவாய்ப் பல்லைக் கெடுத்துக்கொண்டு நான்காவதாகச் சேர்ந்தேன். தம்பி என்பதற்காக அக்கா எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை.

அப்போதுதான் பெரிய டாக்டரின் மகள் படிப்பை முடித்துவிட்டு வந்து சின்ன டாக்டராகச் சேர்ந்தாள். சிறுமியாக இருந்தபோது அக்காவின் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வில்லைகளை அடுக்கி விளையாடியவள். அக்காவுக்கு அவளை டாக்டர் என்று கூப்பிட வாய் வரவில்லை. எல்லோர் எதிரிலும், "டாக்டர் பாப்பா" என்றாள். அதிலேயே அவளுக்குப் பாதிக் கோபம்.

மீதிக் கோபம் நியாயமானது. ஒரு செவ்வாய்க்கிழமை, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பிளம்பர் வந்தார். பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்திருந்தன. வில்லை வாங்கிக்கொண்டு செருப்பு அடுக்கில் சாய்ந்து நின்றார். தனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்குத்தான் பல்லில் கோளாறு. அக்கா அவர் எண்ணைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. கப்பலில் புயல் வேறு அடித்துக்கொண்டிருந்தது. அவளும் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள். இரண்டாம் நாள் பிளம்பரின் மனைவி போன் செய்தார். கன்னத்தில் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, வேறு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

அக்கா அன்றே அவரைப் பார்க்கப் போனாள். கூட நானும் போனேன். கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டு, "என்ன மன்னிச்சிடுங்க. தப்பு என்னோடது" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பிளம்பர் கட்டுப் போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பினார். பிறகு, "அக்கா, அந்த சமையல்காரன் தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டானே, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அவர் மன்னித்தாலும் சின்ன டாக்டர் விடவில்லை. மருத்துவமனை மூடிய பிறகு நோட்டை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலில் இருந்தேன்.

"இது என்னக்கா? 'பல் சரி, படம் பாக்கி.' இது ஆஸ்பத்திரியா, கொட்டகையா?"

"பாதியில விட்டா அவங்களுக்கு மனசு ஆறாது பாப்பா."

"நெஜமாவே வலியோட வந்தவர் நின்னுட்டே திரும்பிப் போயிருக்கார். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

அக்கா நோட்டை மூடி வைத்தாள்.

"இந்த மாசத்தோட டிவிய எறக்கப் போறேன். தேதி குடுக்கிறது இனிமே கம்ப்யூட்டர்தான். பல் சரியான ஒரு ஆள இனி இந்த நாற்காலியில பாத்தேன்னா, அவங்களோட நீங்களும் கெளம்ப வேண்டியதுதான். நான் வெளையாட்டுக்குச் சொல்லலக்கா."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "வேல போனா போகுதுடா. வேற தேடிக்கலாம்" என்றாள்.

"அப்போ எதுக்கு முகத்தத் தூக்கி வெச்சிருக்க?"

"இந்த ஆளுங்கள மறுபடி எங்க போய்டா சேப்பேன்? டெய்லரம்மாவுக்கு செவ்வாய்க்கிழமைய விட்டா வீட்ட விட்டு வெளிய வர ஒரு காரணம் கெடையாது. கண்டக்டர் வாரத்துல ஒரு நாள்தான் சட்டைக்கு இஸ்திரி போடறாரு." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு மட்டும் வேற என்ன இருக்கு?" என்றாள். நான் ஒருவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

டிவியை இறக்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. கப்பல் படத்தில் இன்னும் முப்பத்தைந்து நிமிடம் பாக்கி. பல் சரியானவர்கள் உட்காரக் கூடாது என்பதுதானே சட்டம். கண்டக்டர், டெய்லரம்மா, ஹெட்மாஸ்டர், இன்னும் நான்கு பேர், எல்லோரும் போன் செய்து பல்லைச் சுத்தம் செய்துகொள்வதாகப் பதிவு செய்திருந்தார்கள். புதிய கம்ப்யூட்டர் ஏழு பேருக்கு வரிசையாக நேரம் கொடுத்துவிட்டது.

சின்ன டாக்டர் வெளியே வந்து பார்த்தாள். "ஏழு பேருக்கும் ஒரே வாரத்துல கறை பிடிச்சுதாக்கும்?"

"டீ அதிகம் குடிக்கிறோம் டாக்டர்" என்றார் கண்டக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஹெட்மாஸ்டர் சார், நீங்களுமா? உங்களுக்கு மேல்வரிசை முழுக்க பல்செட்டு."

"கீழ் வரிசையில் ஆறு உண்டு" என்றார் அவர் கம்பீரமாக.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் சுத்தம் செய்தாள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், பத்து நிமிடம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள், "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் கதை சொல்லித் தீரும் வரை அக்கா படத்தை நிறுத்தி வைத்ததால் படம் நகரவே இல்லை. அன்று உண்மையிலேயே பல்லில் கோளாறோடு வந்தவன் நான் ஒருவன்தான். என்னைக் கடைசியில் கூப்பிட்டாள்.

எனக்கு ஊசி என்றால் பயம். அது அவளுக்குத் தெரியும். வாயில் இரும்பை வைத்துவிட்டு, "பயப்படாதீங்க, ஏதாவது பேசிட்டே செய்யலாம்" என்றாள் அன்பாக. "வெளிய ஓடுதே, அந்தப் படம் நான் ஹாஸ்டல்ல இருந்தப்போ பாத்தது. அதுல கடைசியில என்னன்னா..."

"ஆ! ஆ!" என்றேன்.

"வலிக்குதா? வலிச்சா கையத் தூக்குங்க."

நான் இரண்டு கையையும் தூக்கினேன். அவள் இன்னொரு ஊசி போட்டாள். அது வேலை செய்வதற்காகக் காத்திருந்த நேரத்தில் முழு முடிவையும் சொல்லிவிட்டாள். கடலில் விழுந்தது யார், கப்பலில் இருப்பது யார், கேப்டனின் மனைவிக்கு எப்போது தெரிந்தது, எல்லாம். நல்ல மனதோடுதான் சொன்னாள். என் கண்ணில் வழிந்த நீரைப் பஞ்சால் ஒற்றியும் விட்டாள்.

வெளியே வந்தபோது டிவி அணைந்திருந்தது. மணி ஏழு ஆகிவிட்டதால் பெரிய டாக்டர் சொல்லி அணைத்துவிட்டார்கள். இருபது நிமிடம் பாக்கி. ஏழு பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் டெய்லரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கீங்க? உள்ள என்ன நடந்துச்சு?"

மரத்த வாயால், "ஒண்ணுமில்ல" என்றேன். அது "ஒம்ம்ல" என்று வந்தது.

"முடிவு தெரிஞ்சுபோச்சு இவனுக்கு!" என்றார் ஹெட்மாஸ்டர். முப்பது வருடம் பரீட்சை அறையில் முகங்களைப் பார்த்தவர். எல்லோரும் என்னிடமிருந்து ஓரடி விலகி நின்றார்கள்.

அக்கா மேசையைப் பூட்டிவிட்டு வந்தாள். "அடுத்த செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. மீதிய அங்க பாக்கலாம்" என்றாள். பிறகு என்னைக் காட்டி, "இவன் நடுவுல உக்கார மாட்டான். முடிவு தெரிஞ்சவங்களுக்கு எடமில்ல" என்றாள். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு அந்தச் சட்டம் வந்தது.

வந்தார்கள். கண்டக்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பிளம்பரும் வந்தார், அக்கா போய்ச் சொல்லி அழைத்திருந்தாள். என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள், டீ போட. அன்று இருபது நிமிடத்தில் படம் முடிந்தது. அடுத்த வாரம் புதிய படத்தை முழுதாக, ஒரே மூச்சில், யாரும் கூப்பிடாமல், மெத்தென்ற இருக்கைகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் அறை அமைதியாக இருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் கண்டக்டர்.

"ஆமா, நல்ல படம்" என்றார் டெய்லரம்மா.

"முப்பத்தெட்டு" என்றார் ஹெட்மாஸ்டர்.

அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அதற்கடுத்த வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நான் சமையலறையிலிருந்து, "யாராவது ஒருத்தர் வந்து தட்டத் தூக்குங்களேன்" என்று கத்தினேன். பிளம்பர் எழுந்து வந்தார். சர்க்கரை போதவில்லை, அது இதென்று பத்து நிமிடம் ஆகிவிட்டது. தட்டோடு திரும்பியவர் திரையைப் பார்த்து, "ஐயையோ, இந்த ஆள் எப்ப ஜெயிலுக்குப் போனான்?" என்றார்.

மூன்று பேரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். திருடினான் என்றார் டெய்லரம்மா. திருடவில்லை, தம்பிக்காகப் பழியை ஏற்றுக்கொண்டான் என்றார் ஹெட்மாஸ்டர். அது தம்பியே இல்லை என்றார் கண்டக்டர். டீ ஆறிப்போனது. ஏழரை மணிக்கு நான் விளக்கைப் போட்டபோதும் சண்டை ஓயவில்லை.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து சமையலறையில் முக்காலி போட்டு அவளே உட்கார்ந்தாள். அந்த முக்காலியிலிருந்து மட்டும் கதவு வழியாகத் திரை தெரியும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, "கண்டக்டர், ஒரு நிமிஷம் வாங்க", "டெய்லரம்மா, இந்த பட்டனக் கொஞ்சம் பாருங்க" என்று ஒருவரை எழுப்பிவிடுவாள். நடுவில் நல்ல காட்சி ஓடிக்கொண்டிருக்கும். போகிறவர் புலம்பிக்கொண்டே போவார். "இந்தம்மாவுக்கு நேரங்காலமே தெரியாது" என்பார். பத்து நிமிடம் கழித்து வந்து, "என்ன ஆச்சு?" என்பார். நாற்பது நிமிடம் ஆனதும் படம் நின்றுவிடும். மீதி அடுத்த வாரம். வராமலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

சின்ன டாக்டர்கூட ஒரு முறை கேட்டாள். "அக்கா, நானும் செவ்வாய்க்கிழமை வரட்டுமா?" அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "நீ எல்லாப் படத்தையும் ஹாஸ்டல்ல பாத்திருப்ப பாப்பா. முடிவு தெரிஞ்சவங்களுக்கு எடமில்ல" என்றாளாம். சின்ன டாக்டர் துக்கத்துக்கு வந்தபோது இதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

ஆறு வருடம் இப்படி நடந்தது. திடீர்த் திருப்பம் எதுவானாலும் எல்லோருக்கும் முன்னால் சமையலறையிலிருந்து அக்காவின், "ஐயோ, பாவி!" கேட்கும். அவள் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து விசாரித்திருக்கிறார்.

அவள் போன பிறகு வந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை, ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கண்டக்டர், டெய்லரம்மா, ஹெட்மாஸ்டர், பிளம்பர், கடைசி வரை நிலைத்த நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு வேண்டாமே" என்றேன்.

"அந்தம்மா பாதியில நிறுத்தி வெச்சிருக்கு தம்பி" என்றார் கண்டக்டர். "அப்படியே விட்டா நல்லா இருக்காது." சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

என்னை முக்காலியில் உட்கார வைத்தார்கள். கூப்பிடுவது இனி நான்தான். எனக்கென்ன தெரியும்? பத்து நிமிடம் ஓடியதும் தோன்றிய ஆளைக் கூப்பிட்டேன். "ஹெட்மாஸ்டர் சார், வாங்க." அவர் வந்து தண்ணீர் குடித்தார். திரையில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை நடையில் ஓடினாள். ஒரு கண்ணாடிக் கதவு. குழந்தையின் கையில் ஊசி. கண்டக்டர் எழுந்தார். எழுந்து யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய், வெளியே நின்று செருப்பைக் காலால் தடவிக்கொண்டிருந்தார்.

டெய்லரம்மா படத்தை நிறுத்தினார். "அவர் பையன் அப்படித்தானே போனான்" என்றார் மெதுவாக. "பத்து வயசுல. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக எங்கள் வீட்டில் மருத்துவமனைக் காட்சி வராத படமே கிடையாது. ஒரு தடவைகூட அவர் இப்படி எழுந்து போனதில்லையே என்றேன்.

"போக மாட்டாரே. அவர்தான் அப்பல்லாம் சமையல்கட்டுல இருப்பாரே" என்றார் பிளம்பர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.

டெய்லரம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். "என்ன எப்பவும் கல்யாண சீன்லதான் பட்டன் பாக்கக் கூப்பிடுவாங்க. நான்கூட, ஜோடனையப் பாக்க விடாம கெடுக்கிறாங்களேன்னு கோவிச்சிருக்கேன்." அவருடைய மகள் கல்யாணத்தன்று காலையில் சொல்லாமல் போனவள், இன்னும் வீடு திரும்பவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அப்போ என்னை எதுக்குக் கூப்பிடுவாங்க?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

பிளம்பர் தயங்கினார். "நீங்க பாட்டு வந்தா தூங்கிடுவீங்க சார். கொறட்ட பெருசா வரும்."

டெய்லரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹெட்மாஸ்டரும் சிரித்தார். வாசலிலிருந்து கண்டக்டர், "என்ன ஆச்சு? என்ன சிரிப்பு?" என்றார்.

எந்தக் காட்சி எப்போது வரும் என்று தெரியாமல் யாரையும் முன்கூட்டிக் கூப்பிட முடியாது. அவள் ஒவ்வொரு படத்தையும் முன்பே முழுதாகப் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தலைவலி என்று அறைக்கதவைச் சாத்திக்கொள்வாளே, அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். முடிவு தெரிந்தவர்களுக்கு இடமில்லை என்று சின்ன டாக்டரைத் திருப்பி அனுப்பியவள், என்னைச் சமையலறைக்கு விரட்டியவள், ஆறு வருடமும் எல்லா முடிவும் தெரிந்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்து, "ஐயோ, பாவி!" என்று கத்தியிருக்கிறாள்.

என்னை அவள் எந்தக் காட்சிக்கெல்லாம் கூப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. கூப்பிடுவாள், போவேன், டீ வடிகட்டுவேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தின் மீதியைத் தனியாகப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டேன். படம் சுமார்தான். கண்டக்டருக்கு ஓரிடம், டெய்லரம்மாவுக்கு இரண்டிடம், ஹெட்மாஸ்டருக்குப் பாட்டு வருகிற மூன்றிடம். பிளம்பருக்கு எதுவும் தெரியவில்லை. அவரிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சரியான நேரத்தில், "கண்டக்டர், இந்த டப்பாவத் தெறந்து குடுங்க" என்று கூப்பிட்டேன். அவர் புலம்பிக்கொண்டே எழுந்து வந்தார். டப்பா ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடியை இறுக்கி மூடிவிட்டு நிதானமாகத் திறக்கத் தொடங்கினார். பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

படத்தில் பெரிய திருப்பம் வந்தது. நான் என்னால் முடிந்தவரை, "ஐயோ!" என்றேன்.

"நடிக்காதீங்க தம்பி. முன்னாடியே பாத்தாச்சுல்ல?" என்றார் டெய்லரம்மா, திரும்பாமல். "உங்க அக்கா கால் தூசிக்கு வராது."

"நூத்துக்குப் பன்னெண்டு" என்றார் ஹெட்மாஸ்டர்.

கண்டக்டர் டப்பாவோடு கூடத்துக்கு விரைந்தார். "விடுங்க, விடுங்க. மொதல்ல எனக்குச் சொல்லுங்க. என்ன ஆச்சு?"